ஈரம் என்று சொன்ன பல்

பல்லுக்காரர் என்று எங்கள் கிடங்கில் எல்லோரும் அழைத்தவர் ஓய்வு பெற்ற நாளில் அவர் வாயில் மிஞ்சியிருந்தவை ஒன்பது பற்கள். அவற்றில் அவர் பொருட்படுத்தியது ஒன்றைத்தான். இடப்பக்கம், கீழ்வரிசை, கடைசிக்கு முந்தைய கடைவாய்ப் பல். அது ஆடிக்கொண்டிருந்தது. ஆடுகிற பல்லைப் பிடுங்கி எறிவது உலக வழக்கம். இவர் அதை ஐந்து ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருந்தார். காரணம் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அவர் போன மாதம் இறந்துவிட்டார். எழுதிவைக்க வேறு ஆளில்லை.

அவர் காப்பிக் கிடங்கில் ஈரம் பார்ப்பவர். நான் அதே கிடங்கில் மூட்டையை எடை போட்டுப் பதிவேட்டில் எழுதுபவன். முப்பத்தொரு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசை. வீடும் ஒரே தெருவில், நான்கு கதவு தள்ளி. அவர் என்னை 'எடை' என்றே கூப்பிடுவார். அவருடைய மனைவி இளவயதிலேயே இறந்துபோனாள், குழந்தை இல்லை. சமையல், துவையல், தோட்டம் எல்லாம் அவரே.

எங்கள் பக்கம் காப்பியைப் பெரிய தோட்டமாக வைத்திருப்பவர்கள் குறைவு. வீட்டுக்குப் பின்னால் சரிவில் முப்பது செடி, எழுபது செடி, அவ்வளவுதான். பறிப்பது, தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழிப்பது, தோல் உரிப்பது, புளிக்கவைத்துக் கழுவுவது, காயவைப்பது என்று வறுப்பதற்கு முந்தைய எல்லா வேலையும் வீட்டிலேயே நடக்கும். உமியோடு காய்ந்த கொட்டையை மூட்டை கட்டிக் கிடங்குக்குக் கொண்டுவருவார்கள். வறுக்கிறவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்ததில்லை.

ஈரத்தோடு ஒரு மூட்டை உள்ளே போய்விட்டால் பத்து நாளில் பூஞ்சணம் பிடிக்கும். அது பக்கத்து மூட்டைகளையும் கெடுக்கும். அதைத் தடுக்கத்தான் பல்லுக்காரர். கூரான குழாயை மூட்டையின் வயிற்றில் குத்தி, ஐந்து கொட்டைகளை உள்ளங்கையில் உருட்டி எடுப்பார். நகத்தால் உமியைக் கிள்ளிவிட்டு ஒவ்வொன்றாகக் கடைவாயில் வைத்து மெல்ல அழுத்துவார். காய்ந்த கொட்டை 'டக்'கென்று உடையும். ஈரக் கொட்டை உடையாது, பல்லின் தடத்தை வாங்கிக்கொண்டு அமுங்கும். ஐந்தையும் துப்பிவிட்டு ஒரே சொல் சொல்வார். 'காய்ந்தது' அல்லது 'ஈரம்'. நான் எழுதுவேன். "பல்லு சொன்னா பதிவு" என்று கிடங்கில் ஒரு வழக்கே உண்டு.

"அண்ணே, கடிச்சது போதும், மிச்சத்தையாவது எடைக்கு விடுங்க" என்று வரிசையில் நிற்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"ஒரு மூட்டைய நான் தின்னு தீர்க்க நாப்பது வருஷம் ஆகும். அதுவரைக்கும் நீ நிக்கப் போறியா?" என்பார்.

அவர் சொன்னதை ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை.

அவர் ஓய்வு பெற்ற ஆண்டில், பறிப்பு முடிகிற சமயம், அவருக்கு வலப்பக்கக் கடைவாயில் வீக்கம் வந்தது. முப்பத்தொரு ஆண்டும் கடித்துப் பழகிய பக்கம் அதுதான். பல் மருத்துவர் இரண்டு பற்களைப் பிடுங்கினார். மறுநாளிலிருந்து அவர் இடப்பக்கம் கடிக்க ஆரம்பித்தார். அது நடந்து ஒன்பதாம் நாள் தையற்காரம்மா இரண்டு மூட்டைகளோடு வந்தாள்.

தையற்காரம்மா எங்கள் தெருவின் கடைக்கோடி வீடு. வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம், பின்னால் எழுபது செடி. கணவன் தொலைதூர லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். மகள் ஒருத்தி, அப்போது பத்தொன்பது வயது. அந்த வாரம் கணவன் வெளியூர் போயிருந்ததால் தள்ளுவண்டி வாடகைக்குப் பிடித்து மூட்டைகளைத் தானே கொண்டுவந்திருந்தாள்.

பல்லுக்காரர் ஐந்து கொட்டைகளைக் கடித்தார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார். "ஈரம்" என்றார்.

"என்ன அண்ணே, விளையாடுறீங்களா? பதினாலு நாள் காய வெச்சிருக்கேன்."

"நாளை எண்ணிக்கிட்டுக் கொட்டை காயாது தங்கச்சி."

"நானும் கடிச்சுப் பார்த்துட்டுத்தான் கட்டினேன். எலும்பு மாதிரி இருக்கு."

"உங்க பல்லு நூல் கடிக்கிற பல்லு. இது வேற."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் முகம் கறுத்துப்போனது. வண்டியைத் திருப்பினாள். நான் எழுதினேன்: '2 மூட்டை. 83.6 கிலோ. ஈரம். திருப்பி அனுப்பப்பட்டது.'

வீட்டு முற்றத்தில் அந்தப் பருவத்தில் மதியத்துக்கு மேல் வெயில் விழாது. மறுபடி காயவைக்க வேண்டுமென்றால் பின்கட்டின் தகரக் கூரைதான். மூன்றாம் நாள் காலை பத்தே காலுக்கு அவள் ஏணி வைத்துக் கூரையில் ஏறிக் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தாள். உருண்டையான பொருள், சரிவான தகரம், வெறுங்கால். பதினோரு அடி உயரத்திலிருந்து துவைக்கும் கல்லின்மேல் முதுகு பட விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது இடுப்புக்குக் கீழே அவளுக்கு எந்த உணர்வும் இல்லை.

அவள் விழுந்த அன்று சாயங்காலம் பல்லுக்காரர் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"எடை, இங்க வா. வாயைப் பாரு."

"என்ன, மறுபடியும் வீக்கமா?"

"பாக்காதே. தொட்டுப் பாரு. இந்தப் பல்லு."

ஆள்காட்டி விரலால் அழுத்தினேன். பல் அசைந்தது. அதிகமில்லை. ஓர் அரிசியின் கனம் இருக்கலாம்.

"கொட்டை அமுங்குச்சா, பல்லு அமுங்குச்சான்னு எனக்கு இப்பத் தெரியல" என்றார். "அன்னைக்கு ஈறு நல்லா வலிச்சுது. கடிக்கும்போது ஏதோ இடம் கொடுத்துச்சு. கொட்டைன்னு நினைச்சேன்."

"இதுக்கு முன்னால எட்டு நாள் இந்தப் பக்கந்தானே கடிச்சீங்க?"

"அதுல எத்தனையை ஈரம்னு சொன்னேன்?"

எனக்கு நினைவிருந்தது. மறுநாள் பதிவேட்டைப் பார்த்தும் உறுதி செய்தேன். எட்டு நாளில் நாற்பத்திரண்டு பேர், பத்தொன்பது பேருக்கு ஈரம். அதற்கு முந்தைய ஆண்டு அதே எட்டு நாளில் ஆறு பேர். ஆனால் இந்த ஆண்டு இடையில் இரண்டு நாள் மழை பெய்திருந்தது. மழையால் இருக்கலாம், பல்லாலும் இருக்கலாம்.

"போய்ச் சொல்லிடவா?" என்று கேட்டார்.

"தெரியாததை எப்படிச் சொல்றது? தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லலாம்" என்றேன்.

இந்த வாக்கியத்தைச் சொன்னது நான். அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் கணவர் லாரிக்காரர் அதே காப்பியைக் கிடங்குக்குக் கொண்டுவந்தார். பல்லுக்காரர் அன்று விடுப்பு. எடை 77.9 கிலோ. வித்தியாசம் 5.7. அவ்வளவும் தண்ணீராகப் போயிருந்தால் அன்று சொன்ன ஈரம் சரி. ஆனால் அவள் விழுந்தபோது கூடவே கொட்டையும் சரிந்து, சாக்கடையிலும் புதரிலும் கொட்டியிருந்தது. மகள் முடிந்தவரை பொறுக்கியிருந்தாள். எவ்வளவு காய்ந்தது, எவ்வளவு சிதறியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நான் எழுதிய எண்களில் இவ்வளவு பயனற்றுப்போன எண் வேறில்லை.

அடுத்த மாதம் கிடங்குக்கு மின் மீட்டர் வந்தது. ஒரு குவளைக் கொட்டையைப் போட்டால் ஈரம் நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும். பன்னிரண்டுக்கு மேல் போனால் திருப்பி அனுப்ப வேண்டும். பல்லுக்காரர் ஓய்வு பெற்றார்.

லாரிக்காரர் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு மனைவியைப் பார்த்துக்கொண்டார். படுக்கைப் புண் வராமலிருக்கப் பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைப் புரட்டிப் போட வேண்டும். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, சோறு எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர் செய்தார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறை அவளைப் புரட்டும்போதும் ஒரு வார்த்தை சொல்வார். ஜன்னல் தெருவைப் பார்த்தது என்பதால் போகிற வருகிற எல்லோருக்கும் கேட்கும்.

"பதறாத காரியம் சிதறாதுன்னு சும்மாவா சொன்னாங்க. அரை ஈரத்தை அள்ளிக் கட்டிக்கிட்டு ஓடுனியே. நான் வர்ற வரைக்கும் பொறுத்தியா?"

"காய்ஞ்சுதான் இருந்துச்சுங்க."

"பல்லுக்காரரு பொய்யா சொல்லுவாரு? அவசரக்குடுக்கை."

முதலில் அவள் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னாள். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு பதில் கேட்கவில்லை. மகளும் அப்பா பேச்சையே நம்பினாள். தெருவே நம்பியது. ஒரு சொல்லுக்காக ஒருத்தி ஐந்து ஆண்டு படுக்கையில் கிடந்து வழக்காடித் தோற்றுக்கொண்டிருந்தாள்.

பல்லுக்காரர் தெரிந்துகொள்ளப் போட்ட திட்டம் இது. தையற்காரம்மா வீட்டுச் செடிகளின் நாற்றுகளை வளர்க்க வேண்டும். அதே முறையில் உரித்துப் புளிக்கவைத்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு பிடி எடுத்து அதே பல்லால் கடிக்க வேண்டும். மீட்டரோடு ஒப்பிட வேண்டும். பல் பொய் சொல்கிறதா என்பது தெரிந்துவிடும்.

யாரிடமாவது இரண்டு கிலோ விலைக்கு வாங்கி ஒரே வாரத்தில் இதைச் செய்திருக்கலாமே என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். நாங்கள் அதைப் பேசினோம். வாங்கிய கொட்டை எந்த மண், எத்தனை நாள் புளித்தது, கழுவிய தண்ணீர் எது என்று தெரியாது, அதனால் ஒப்பிட முடியாது என்று முடிவு செய்தோம். இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது.

அவள் விழுந்த ஐந்தாம் மாதம், அவர் அந்த வீட்டுக்குப் போய்ச் செடியடியில் தானாக முளைத்திருந்த நாற்றுகளைக் கேட்டார். நானும் உடனிருந்தேன்.

"இந்த வயசுல எதுக்குண்ணே உங்களுக்கு?" என்றார் லாரிக்காரர்.

"பொழுது போகணுமே."

"எடுத்துக்கோங்க. இனி இங்க யாரு பறிக்கப் போறா."

நாற்பது நாற்று எடுத்தார். பிழைத்தது இருபத்திரண்டு. நான்காம் ஆண்டு பூத்துக் காய்த்தது இரண்டு கைப்பிடி. அதில் ஒன்றும் செய்ய முடியாது. இன்னும் ஓராண்டு காத்திருந்தார்.

இதற்கிடையில் பல் அழுகத் தொடங்கியது. தாடை வீங்கும், சீழ் வரும், மாத்திரை விழுங்குவார், அடங்கும். பல் மருத்துவரிடம் நான் துணைக்குப் போயிருக்கிறேன்.

"ஐயா, நாய் வளர்க்கிறவங்களைப் பார்த்திருக்கேன், கிளி வளர்க்கிறவங்களைப் பார்த்திருக்கேன். சொத்தைப் பல்லை வளர்க்கிறவரு நீங்க ஒருத்தர்தான்" என்றார் மருத்துவர்.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

"எதுக்கு? அதுக்கு ஏதாவது வரன் பார்த்திருக்கீங்களா?"

பல்லுக்காரர் சிரித்தார். சிரிக்கும்போது வலித்ததால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாம் ஆண்டு செடிகள் ஒழுங்காகக் காய்த்தன. சிவந்த பழமாகப் பார்த்து மூன்று தடவையாகப் பறித்தார். முதல் இரண்டு பறிப்பையும் என் வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் கொடுத்துவிட்டார். தையற்காரம்மா அன்று கொண்டுவந்தது பருவக் கடைசிப் பறிப்பு, அதனால் இவரும் கடைசிப் பறிப்பை எடுத்துக்கொண்டார். 38.2 கிலோ பழம். தொட்டித் தண்ணீரில் கொட்டியபோது மிதந்தது 2.9 கிலோ, பூச்சி குடைந்ததும் உள்ளே சப்பையானதும். அதைக் கழித்தோம். மீதியைக் கையால் சுற்றும் சின்ன இயந்திரத்தில் விட்டுத் தோல் உரித்தார். தோல் ஒரு பக்கம் விழும், வழவழப்பு மூடிய கொட்டை மறுபக்கம் விழும். கையில் எடுத்தால் மீன் போல நழுவும்.

அதை இரண்டு வாளிகளில் மூடிவைத்தார். அந்த வழவழப்பு தானாகப் புளித்துக் கரைய வேண்டும். குறைந்தால் கொட்டையில் ஒட்டிக்கொண்டு காயாது, கூடினால் புளிப்பு கொட்டைக்குள் இறங்கி நாறும். இருபத்தெட்டாம் மணியில் கையை விட்டுப் பார்த்தார், நழுவியது. முப்பத்திரண்டிலும் நழுவியது. முப்பத்தைந்தாம் மணியில் ஒரு பிடியைத் தேய்த்தபோது கூழாங்கல் போலச் சரசரவென்று ஒலித்தது. உடனே கழுவத் தொடங்கினார். நான்கு தண்ணீர். நான்காவது தண்ணீர் தெளிந்து நின்றது. வடித்து எடை போட்டேன், 14.2 கிலோ. கம்பி வலை அடித்த சட்டத்தில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, நான்கு கால் கொடுத்து முற்றத்தில் நிறுத்தினோம்.

முதல் மூன்று நாள் உச்சிவெயிலில் துணியால் மூட வேண்டும், இல்லையென்றால் உமி வெடித்துவிடும். மணிக்கு ஒரு தடவை கிளற வேண்டும். பனி இறங்குமுன் மூட வேண்டும். எல்லாம் அவரே செய்தார், காய்ச்சலோடு. ஒவ்வொரு நாளும் மாலை நான்கு மணிக்கு ஒரு பிடி எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மூடி மெழுகு வைத்தேன். எந்தக் குப்பி எந்த நாள் என்பது எனக்கு மட்டும் தெரிய வேண்டும், அடியில் எண் ஒட்டினேன். கடிக்கும்போது அவருக்கு நாள் தெரிந்தால் பல்லை மனசு ஏமாற்றிவிடும்.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு லாரிக்காரர் இறந்தார். மனைவியைப் புரட்டிப் போட்டுவிட்டு, போர்வையைச் சரி செய்யக் குனிந்தவர் அப்படியே கட்டிலின் விளிம்பில் சாய்ந்தார். அவரைத் தாங்கிப் பிடிக்க அவளால் முடியவில்லை. மகள் அடுப்படியிலிருந்து ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நாங்கள் இருவரும் போனோம். தெரு முழுக்க வந்திருந்தது. அவளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவள் தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு அம்மாள், ஆறுதலாகத்தான், "என்ன செய்ய, அன்னைக்கு நீ கொஞ்சம் பொறுத்திருந்தா இந்த மனுஷனுக்கு இவ்வளவு பாடு வந்திருக்காது" என்றாள். பல்லுக்காரர் என் முழங்கையைப் பிடித்தார். அழுத்தம் வலித்தது.

அடக்கம் முடிந்து திரும்பும்போது கேட்டேன்.

"சொல்லியிருக்கலாமோ?"

"என்னன்னு சொல்றது? இன்னும் அஞ்சு நாள் இருக்கே, எடை. அரைகுறையா ஒண்ணைச் சொல்லி, நாளைக்கு அது இல்லைன்னு ஆயிட்டா?"

நான் சரி என்றேன். அவர் நேராக முற்றத்துக்குப் போய்க் கொட்டையைக் கிளறினார். அன்று மூன்று மணிநேரம் கிளறாமல் போனதை நான் குறிப்பில் எழுதினேன்.

பதினான்காம் நாள் கொட்டையின் எடை 7.3 கிலோ. அதற்குமேல் குறையவில்லை. காலையில் குப்பிகளை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போய் மீட்டரில் வைத்தேன். எட்டாம் நாள் வரையிலான குப்பிகளில் பூஞ்சணம் பிடித்து நாறியது, தள்ளினேன். மிச்சம் ஆறு. எண்களை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குப்பிகளைக் கலைத்து அவர் முன்னால் வைத்தேன்.

ஒவ்வொன்றிலும் ஐந்து கொட்டை. முப்பது கடி. அவருக்கு வேர்த்தது. நான்காவது குப்பியில் உமிழ்நீரோடு ரத்தம் வந்தது. நிறுத்தலாம் என்றேன், கையை ஆட்டி மறுத்தார். ஆறு குப்பிக்கும் ஒரே சொல்தான் சொன்னார். ஈரம். ஈரம். ஈரம். ஈரம். ஈரம். ஈரம்.

தாளை எடுத்து வாசித்தேன். 17.6, 15.2, 13.1, 11.7, 11.0, 10.4.

"அப்போ மூணு காய்ஞ்சது" என்றார்.

"மூணு காய்ஞ்சது. நீங்க அதையும் ஈரம்னு சொன்னீங்க."

உள்ளதை உள்ளபடி சொல்வது என் வேலை என்பதால் இதையும் சொன்னேன். "ஆனா இந்தப் பல்லு அன்னைக்கு இருந்ததைவிட இப்ப அதிகமா ஆடுது. அன்னைக்கும் இப்படித்தான் ஏமாத்தியிருக்கும்னு இதை வெச்சு நிரூபிக்க முடியாது."

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார்.

"ஆடுச்சுன்னு அன்னைக்கே தெரியும், எடை. நீதானே தொட்டுப் பார்த்தே. இந்த அஞ்சு வருஷத்துல அதுக்கு மேல நாம ஒண்ணும் தெரிஞ்சுக்கல." சட்டையை மாற்றிக்கொண்டார். "வா, போகலாம்."

லாரிக்காரர் இறந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. இரவல் வாங்கிய நாற்காலிகள் வாசலில் அடுக்கியபடி இருந்தன. மகள் முன்னறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். தையற்காரம்மா ஜன்னலோரக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். பல்லுக்காரர் உட்காரவில்லை.

"தங்கச்சி, அன்னைக்கு நீங்க கொண்டாந்த காப்பி காய்ஞ்சுதான் இருந்துச்சு. தப்பு என் பல்லு மேல."

மகளின் கத்தரிக்கோல் நின்றது. தையற்காரம்மா கேட்டாள்.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"இன்னைக்குத்தான் சோதிச்சு முடிச்சேன்."

"சந்தேகம் எப்ப வந்துச்சு?"

வேறொருவராக இருந்தால் பொய் சொல்லியிருப்பார். இவரால் முடியாது.

"நீங்க விழுந்த அன்னைக்குச் சாயங்காலம்."

"அஞ்சு வருஷம்."

"ஆமா."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"எடைக்காரருக்குத் தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்களுமா அண்ணே? எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் வந்து நின்னீங்களே." நான் தரையைப் பார்த்தேன்.

"உறுதியா தெரியாம எப்படிச் சொல்றதுன்னுதான் தங்கச்சி…" என்று இழுத்தார் பல்லுக்காரர்.

"உறுதி யாருக்கு வேணும்?" குரல் உயரவில்லை. "எனக்கு வேணாமே. காய வெச்சவ நான். எனக்குத் தெரியும். அந்த மனுஷனுக்குத்தான் தெரியாது. 'சந்தேகமா இருக்குப்பா, என் பல்லாவும் இருக்கலாம்'னு ஒரு நாள் வாசல்ல நின்னு சொல்லியிருந்தா போதும். பாதி நாளாவது அவரு வாயை மூடிக்கிட்டு என்னைப் புரட்டியிருப்பாரு. கடைசியா அன்னைக்குக் காலையிலகூட அதைச் சொல்லிட்டுத்தான் போனாரு. போங்க. போய் அவருகிட்ட சொல்லுங்க உங்க உறுதியை."

மகள் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். அவள் கையை இழுத்துக்கொண்டாள். "நீயுந்தான்டி. நீயும் ஒரு நாள் கேட்டியா?"

மகள் அழுதாள். பல்லுக்காரர் அங்கேயே நின்றார். தாடையின் வீக்கம் கண்வரை ஏறியிருந்தது.

"நான் என்ன செய்யணும் சொல்லுங்க தங்கச்சி. எதுவானாலும்."

அவள் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள்.

"எழுதுங்க" என்றாள். "எழுதி, வாசல்ல நின்னு சத்தமா வாசிங்க. தெருவுக்குத்தானே அவரு அஞ்சு வருஷமா சொன்னாரு. தெருவுக்கே கேக்கட்டும்."

தாளும் பேனாவும் என்னிடம் இருந்தன. குப்பிகளின் எண்கள் எழுதிய தாளின் மறுபக்கத்தில் அவர் எழுதினார். மூன்று வரி. கையெழுத்துப் போட்டார். சாட்சியாக நானும் போட்டேன். வாசல் படியில் நின்று வாசித்தார்.

"இந்த வீட்டுத் தையற்காரம்மா ஐந்து ஆண்டுகளுக்கு முன் கிடங்குக்குக் கொண்டுவந்த காப்பி நன்றாகக் காய்ந்திருந்தது. ஈரம் என்று நான் சொன்னது தவறு. அவர் அவசரப்படவில்லை."

சீழ் கட்டிய வாயிலிருந்து சொற்கள் தெளிவாக வரவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. சைக்கிளில் போன ஒருவர் காலூன்றி நின்றார்.

"என்னங்க ஐயா, ஏலமா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா? பாவம்" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

"கேக்கல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னொரு தடவை."

வாசித்தார். கூட்டம் என்று சொல்ல எதுவும் கூடவில்லை. துக்க வீட்டில் ஏதோ என்று நான்கைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். அடக்கத்தன்று ஆறுதல் சொன்ன அந்த அம்மாளும் இருந்தாள். கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

"இன்னொரு தடவை."

ஏழு முறை வாசித்தார். ஏழாவது முறை முடிந்த பிறகு உள்ளேயிருந்து குரல் வரவில்லை. அவர் தாளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தபடி காத்திருந்தார். போகலாம் என்று தோளைத் தொட்டேன், அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மகள் வந்தாள். கண்ணைத் துடைத்திருந்தாள். அவர் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டாள்.

"அம்மாவைப் புரட்டணும். நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.